‘கோயிலுக்குப் போனியா?’ ‘போனேன்மா’

கையால் எழுதிய ஒன்பது பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் வாசகியின் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 37. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டுப் பக்கம். தாத்தா உபதேசியார், அதாவது சபையில் போதிக்கும் ஊழியர். அப்பா பள்ளி ஆசிரியர், பல வருடம் சேகரக் கமிட்டியில் (வட்டாரச் சபைகளின் நிர்வாகக் குழு) இருந்தவர். வாசகி இப்போது தாம்பரத்தை ஒட்டிய ஒரு புறநகரில் கணவரோடும் எட்டு வயது மகளோடும் இருக்கிறார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அப்பா இறந்துபோனார். ஊரடங்கு நேரம் என்பதால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. தம்பி செல்போனில் காட்டியதைப் பார்த்ததோடு சரி. சில மாதம் கழித்து, துக்கம் விசாரிக்க வந்த ஜெபக்குழு அம்மாள் ஒருவர், “விசுவாசத்தோட ஜெபிச்சிருந்தா பிழைச்சிருப்பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். கோயில்கள் திறந்தபிறகும் இவர் போகவில்லை. (தெரியாதவர்களுக்காக: எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்.)

ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு ஊரிலிருந்து அம்மாவின் போன் வரும். “கோயிலுக்குப் போனியா?” “போனேன்மா.” நான்கு வருடமாக இதே பொய்.

அப்புறம் மற்ற காரணங்கள். திருமண்டலத் தேர்தலில் (பிஷப்பின் கீழ் வரும் சபைகளின் நிர்வாகத் தேர்தல்) இரண்டு அணி, பணம், வழக்கு. சித்தி மகள் அதே சபையில் வேறு சாதிப் பையனைக் காதலித்தபோது, ஒரே பந்தியில் அசனச் சோறு (சபையின் பொது விருந்து) சாப்பிட்ட இரண்டு குடும்பமும் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கவே சம்மதிக்கவில்லை. கடைசியில் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. இதெல்லாம் போதாதென்று போன மாதம் மகள் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து (கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஞாயிறு வகுப்பு) வந்து கேட்டாளாம்: “எதிர் வீட்டுப் பாட்டி சாமி சிலை கும்பிடுறாங்களே, அவங்க நரகத்துக்குத்தான் போவாங்களாம்மா?”

வாசகியின் கேள்விகள் நான்கு. நான் இன்னும் கிறிஸ்தவளா? அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா? மகளை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா? சபைப் பதிவிலிருந்து பேர் போய்விட்டால் சான்றிதழ், சொத்து, கல்லறை எல்லாம் என்ன ஆகும்?

அன்புள்ள சகோதரிக்கு,

நான் குடும்ப ஆலோசகர். வேதசாஸ்திரம் படித்தவள் அல்ல. நானும் தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்து, இன்றும் வருடா வருடம் சங்கம் (சபைச் சந்தா) கட்டி சபையில் பேர் வைத்திருப்பவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பதிலில் அந்தச் சாய்வு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு கணக்கு. தேர்தல் சண்டைக்கு இரண்டரைப் பக்கம். சித்தி மகள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கம். அப்பாவுக்கு நான்கே வரி. அந்த நான்கு வரியில் ‘அழுதேன்’ என்ற சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில், கல்லறையைப் பற்றிக் கேட்கும் இடத்தில்தான் கையெழுத்து மாறுகிறது. அடித்து அடித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் வரிசையை விட்டுவிட்டு நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அப்பா

2021 மே மாதத்தில் இறந்தவர்களின் குடும்பங்களோடு கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்திருக்கிறேன். முகம் பார்க்காத சாவு, மண் போடாத அடக்கம், மூன்றாம் நாள் ஜெபம் இல்லை, வந்து கட்டிப்பிடித்து அழ ஆள் இல்லை. சடங்கு என்று நாம் லேசாகச் சொல்லும் காரியங்கள் துக்கத்துக்குப் போட்டுக்கொடுத்த பாதை. அந்தப் பாதை அடைபட்டபோது துக்கம் வேறு வழி தேடிப் போனது. சிலருக்கு அது ஆஸ்பத்திரி மேல் கோபமாகப் போனது, சிலருக்குக் கூடப்பிறந்தவர்கள் மேல். உங்களுக்கு அது கோயில் மேல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது: அந்த அம்மாள் சொன்ன வாக்கியம்.

அந்த வாக்கியத்தை அப்படியே விட முடியாது. ‘விசுவாசம் குறைந்ததால் இறந்தார்’ என்பது வேதாகமத்தின் போதனை என்று நம்பி, அதனால் வேதாகமத்தின் மேலேயே வெறுப்பு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சிறுவயதில் படித்த அதே புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். யோபுவின் நண்பர்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பேசியதும் இதே பேச்சுதான்: உன்னிடம் ஏதோ குறை, அதனால்தான் இந்தக் கஷ்டம். கடைசி அத்தியாயத்தில் கடவுள் கோபப்படுவது யோபு மேல் அல்ல, அந்த நண்பர்கள் மேல். பிறவிக் குருடனைக் காட்டி ‘யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா’ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொல்வது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனபோது, ஜெபம் போதவில்லை என்று பவுல் எழுதவில்லை. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னார்.

அந்த அம்மாளைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. அவருக்குக் கிடைத்த காரணம் அது. உங்கள் அப்பாவின் நுரையீரலுக்கும் உங்கள் ஜெபத்தின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. இதை ஓர் ஆலோசகராகவும் சொல்கிறேன், சங்கம் கட்டும் சபைக்காரியாகவும் சொல்கிறேன்.

இதை வைத்து, ‘உங்கள் கேள்விகள் எல்லாம் வெறும் துக்கம்தான், அழுது முடித்தால் விசுவாசம் திரும்பிவிடும்’ என்று சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. தேர்தல் பணமும் சாதியும் நரகப் பயமுறுத்தலும் நிஜமான கேள்விகள். அப்பா இன்று உயிரோடு இருந்தாலும் அவை இருக்கும். ஆனால் துக்கமும் கேள்வியும் ஒரே முடிச்சாகக் கிடக்கும்போது எடுக்கும் முடிவு, போவதானாலும் இருப்பதானாலும், பாதிதான் உங்களுடையதாக இருக்கும்.

‘நான் இன்னும் கிறிஸ்தவளா?’

இந்தக் கேள்வி ஒன்று மாதிரி தெரிகிறது, உள்ளே நான்கு இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கத்தில் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல், ஒருவர் என்ன நம்புகிறார் என்பதை மட்டும் சொல்வதில்லை. எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள், தாசில்தார் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது, செத்தால் எங்கே புதைப்பார்கள், எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அதனால்தான் நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்ததும், காலடி மண்ணே நழுவுகிற பயம் உங்களுக்கு வந்திருக்கிறது. நம்பிக்கையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும்.

அந்தப் பேரே இயேசுவின் சீஷர்கள் தாங்களாக வைத்துக்கொண்டது போலத் தெரியவில்லை. அந்தியோகியாவில்தான் முதல்முதலாக சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் வழங்கியது என்று அப்போஸ்தலர் 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஊரார் கூப்பிட்ட பேர் என்றுதான் படித்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் அந்தச் சொல் மூன்றே இடத்தில்தான் வருகிறது. அதற்கு முன் அவர்களை ‘இந்த மார்க்கத்தார்’ என்றார்கள். மார்க்கம் என்றால் வழி. வழியில் போகிறவர் சில நேரம் உட்காரலாம், திரும்பிப் பார்க்கலாம், வழி தப்பிவிட்டதோ என்று யோசிக்கலாம்.

‘சந்தேகம் வந்த நாளே நான் வெளியே போய்விட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பரங்கிமலை எத்தனை தூரம்? ரயிலில் சில நிலையம்தான். ஆங்கிலத்தில் செயின்ட் தாமஸ் மவுண்ட் எனும் அந்த மலை யார் பேரில் இருக்கிறது? இயேசு உயிர்த்தெழுந்ததாக மற்ற சீஷர்கள் சொன்னதை நம்ப மறுத்த தோமாவின் பேரில். தோமா இங்கே வந்தாரா என்பது வேறு விவாதம். அதில் நான் இறங்கவில்லை. கதையில் நான் கவனிப்பது ‘எட்டு நாளைக்குப் பின்பு’ என்ற சொற்களை. அந்த எட்டு நாளும் தோமா நம்பவில்லை. அதே சமயம் அந்த வீட்டைவிட்டுப் போகவும் இல்லை, மற்றவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று மாற்கு சுவிசேஷத்தில் ஒரு தகப்பன் கத்துகிறார். நம்புகிறேன், நம்பவில்லை, இரண்டையும் ஒரே மூச்சில். அவருடைய பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது, தேர்வில் தோற்றதாக யாரும் திருப்பி அனுப்பவில்லை. அன்னை தெரசாவின் கடிதங்கள், அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007-இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் இருப்பையே உணராமல் வேலை செய்தது தெரிந்து உலகமே திகைத்தது.

இன்னொரு தப்பான எண்ணத்தையும் திருத்த வேண்டும். ‘எங்கள் குடும்பத்தில், ஏன் எங்கள் ஊரிலேயே, இப்படிக் கேள்வி கேட்கும் முதல் ஆள் நான்’ என்கிறீர்கள். ஊரில் இருக்கலாம். ஆனால் சக்கரைச் செட்டியாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை மேயராக இருந்தவர், தொழிற்சங்கத் தலைவர். படித்து யோசித்து ஞானஸ்நானம் எடுத்தவர். அவரும், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த செஞ்சையாவும், இன்னும் சிலரும் சேர்ந்து 1938-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிப்பதுதான் அதன் பொருள். ஐரோப்பாவிலிருந்து அப்படியே இறக்கிவைத்த சபை அமைப்பு இந்த மண்ணுக்கு வேண்டுமா? கிறிஸ்துவைப் பின்பற்ற ஒருவர் தன் சொந்த ஜனங்களை விட்டு வெளியேற வேண்டுமா? மற்ற மதங்களை இருட்டு என்று தள்ளிவிட முடியுமா? இதெல்லாம் அவர்கள் கேட்டவை. அதே வருடம் டிசம்பரில் உலகம் முழுவதிலிருந்தும் மிஷனரி தலைவர்கள் கூடிப் பேசியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். நீங்கள் காய்கறி வாங்கப் போகும் வழியில் இருக்கும் மரங்களுக்குக் கீழே. சக்கரைச் செட்டியாரையும் தோழர்களையும் விசுவாசமற்றவர்கள் என்று ஏசியவர்களும் இருந்தார்கள். ஆனால் செட்டியாரும் தோழர்களும் கேள்வியையும் விடவில்லை, கிறிஸ்துவையும் விடவில்லை.

இப்போது நரகம். ‘அதை நம்ப முடியாவிட்டால் மொத்தத்தையும் நம்ப முடியாது என்றுதானே அர்த்தம்’ என்று கேட்கிறீர்கள். இல்லை. நாலாம் நூற்றாண்டிலேயே, திருச்சபை இன்றும் பரிசுத்தவானாக மதிக்கிற நீசா ஊர் கிரெகோரி, கடைசியில் எல்லோரும் கடவுளிடம் திரும்புவார்கள் என்ற நம்பிக்கையோடு எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மற்ற மதங்களில் உள்ள உண்மையும் பரிசுத்தமுமான எதையும் தாங்கள் தள்ளுவதில்லை என்று எழுத்திலேயே அறிவித்தது. நம் தமிழ் வேதாகமத்தில் நரகம் என்று மொழிபெயர்த்திருக்கும் கெஹென்னா என்ற மூலச் சொல், எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் ஒரு பள்ளத்தாக்கின் பேரிலிருந்து வந்தது. நியாயத்தீர்ப்பைப் பற்றி இயேசு விரிவாகச் சொன்ன கதை மத்தேயு 25. அதில் யாரிடமும் எந்த மதம் என்று கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, நோயாளியைப் போய்ப் பார்த்தாயா என்றுதான் கேள்வி. நித்திய ஆக்கினை உண்டு என்று உறுதியாக நம்புகிற கிறிஸ்தவர்களும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வசன ஆதாரம் உண்டு. நான் சொல்வது இவ்வளவுதான்: இந்த விஷயத்தில் கிறிஸ்தவர்கள் ஒரே குரலில் பேசியதே கிடையாது. எதிர் வீட்டுப் பாட்டிக்காக நீங்கள் கலங்குவது அவிசுவாசத்தின் அடையாளமாக எனக்குப் படவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் உங்களோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. ‘தாத்தா காலத்தில் சபை சுத்தமாக இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு காலம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் தொடக்கத்திலிருந்தே சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே விலகினார்கள். அதற்கு முன்பே, சாதி இருக்கையில் கை வைத்த புது மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? வேதநாயக சாஸ்திரியார். சமையல் செய்யும்போது என்னையறியாமல் கீர்த்தனை வாயில் வந்துவிடுகிறது என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அதில் எத்தனை அவருடையதோ! அப்படிப் பாட்டெழுதிய மனிதர் இதையும் எழுதினார். எனக்கே இதை முதலில் படித்தபோது ஜீரணிக்க நாளாயிற்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சுத்தமாக இருந்தது கெட்டுவிட்டது என்ற நினைப்பில் வெளியே போனால், சுத்தமான வேறொன்றைத் தேடுவீர்கள். சென்னையில் அப்படியொரு சபையை வாக்குறுதியாகத் தர நிறையப் பேர் இருக்கிறார்கள், நல்ல ஒலிபெருக்கியோடு. துக்கத்தில் இருக்கும் படித்த, சம்பாதிக்கும் பெண்ணுக்கு அங்கே உடனே வரவேற்பு கிடைக்கும். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) எவ்வளவு என்ற கேள்வி மூன்றாவது வாரம் வரும். அதே சபைக்குள் 1833-இலும் ‘கூடாது’ என்று சொல்ல ஆள் இருந்தது, இன்று சித்தி மகளும் அந்தப் பையனும் இருக்கிறார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தானே.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: உங்களைக் கிறிஸ்தவள் இல்லை என்று சொல்லும் உரிமை ஐயருக்கும் (சபைப் போதகர்) இல்லை, கமிட்டிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நீங்களே ஒரு நாள், யோசித்து, நான் இந்த மார்க்கத்தில் இல்லை என்று சொன்னால் அது உங்கள் மனச்சாட்சியின் உரிமை. அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் அதைத்தான் காக்கிறது. ஆனால் அந்த முடிவை இந்த வருடமே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? யார் கெடு வைத்தார்கள்? ஞாயிறு காலை உங்களுக்கு ஆராதனை முடியாத காரியமாக இருந்தால் போகாதீர்கள். வார நாளில் ஆளில்லாத கோயிலில் பத்து நிமிடம் உட்கார முடியுமானால் உட்காருங்கள். வேறொரு சபையின் கடைசி பெஞ்சில் ஒரு மாலை ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) எடுக்க மனம் ஒப்பவில்லையென்றால் எடுக்க வேண்டாம். இதில் எதுவும் நடிப்பு இல்லை. நடிப்பு ஒரே இடத்தில்தான் நடக்கிறது: ஞாயிறு பதினோரு மணிக்கு.

அம்மாவிடம்

சொல்லுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

அம்மாவுக்கு 71 வயது, தனியாக இருக்கிறார், நாற்பத்தைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகம் பிடித்த ஆள் இல்லை. ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் வரும் அந்த மணி நேரம்தான் வாரத்திலேயே அவருக்கு நீளமானது என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் ‘கோயிலுக்குப் போனியா’ என்று கேட்பது உங்களை விசாரணை செய்ய அல்ல. ‘சாப்பிட்டியா’ என்று கேட்பது மாதிரிதான் அது. நீங்கள் அதை வருகைப் பதிவாக எடுத்துக்கொண்டு, வருகை போட்டுவிட்டு போனை வைத்துவிடுகிறீர்கள். நான்கு வருடமாக இரண்டு பேரும் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை என்பது என் ஊகம். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

போனில் சொல்ல வேண்டாம். கிறிஸ்துமஸுக்கோ அசனத்துக்கோ போகும்போதும் வேண்டாம், வீடு நிறைய ஆள் இருக்கும். நேரில், அம்மா மட்டும் இருக்கும்போது, ஒரே ஒரு விஷயம்: “அம்மா, அப்பா போனதுலேர்ந்து என்னால கோயிலுக்குப் போக முடியல. உங்கட்ட போனேன்னு சொன்னது பொய். இனிமே பொய் சொல்ல வேண்டாம்னு நெனைக்கிறேன்.” இதோடு நிறுத்துங்கள். நரகம், தேர்தல், சித்தி மகள் எதையும் இதோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் அம்மா பதில் சொல்லத் தொடங்குவார், விவாதம் ஆகிவிடும். டீச்சர் வீட்டு விவாதம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அழுவார். ‘பின்மாற்றம்’ (விசுவாசத்திலிருந்து விலகிப்போவது) என்ற சொல் வரலாம். உங்களுக்காக உபவாசம் இருப்பார். இருக்கட்டும், அது அவர் அன்பு காட்டும் மொழி, அதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. தடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது: “ஜெபம் பண்ணுங்கம்மா, ஆனா ஜெபக்குழு வாட்ஸாப்புல என் பேரைப் போடாதீங்க. ஐயர்ட்ட சொல்லணும்னா என்னைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.” இதை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஊரில் செய்தி பரவினால் அந்த அம்மாள் மறுபடியும் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இந்த முறை உங்கள் அம்மா தனியாக அவரைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: ‘அவர் போவார், என்னைக் கட்டாயப்படுத்துவதில்லை.’ நல்ல மனிதராகத் தெரிகிறார். ஆனால் ‘போனேன்மா’ என்று நீங்கள் சொல்லும்போது அவர் பக்கத்தில் இருப்பார் அல்லவா? அவரையும் அந்தப் பொய்யில் பங்காளி ஆக்கியிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள்.

மகளின் கேள்வி

எட்டு வயதுப் பிள்ளைக்கு நரகம் ஒரு கோட்பாடு இல்லை, ஓர் இடம். அங்கே தனக்குப் பலகாரம் கொடுக்கும் பாட்டி எரிவார் என்றால் ராத்திரி தூக்கம் வராது. தனியாகப் படுக்க மறுப்பது, சனிக்கிழமை மாலையானால் வயிற்றுவலி, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது போன்றவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்து, சில வாரத்தில் குறையவில்லையென்றால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் நேரடியான பதில் போதும்: “அப்படிச் சிலர் நம்புறாங்க. அம்மா நம்பல. பாட்டியைக் கடவுளுக்குப் பிடிக்கும்னுதான் அம்மா நெனைக்கிறேன்.” ‘தெரியாது’ என்று சொல்லவும் தயங்க வேண்டாம்.

ஓய்வுநாள் பள்ளியை உடனே நிறுத்த நான் சொல்ல மாட்டேன். அங்கே கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், கையில் கொடுத்த பாடத்தை ஒப்பிப்பவர்கள். உங்கள் கணவரோடு போய் அந்த ஆசிரியையிடம் பதமாகப் பேசுங்கள்: இவள் பயந்துவிட்டாள், மற்ற மதத்தவரைப் பற்றி இந்த வயதில் இப்படி வேண்டாமே. மாறினால் தொடரட்டும், பாட்டு, கதை, தோழிகள் எல்லாம் அவளுக்குச் சொத்துதான். மாறவில்லையென்றால் நிறுத்துங்கள், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவாக. ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்கை மீறுகிறேனோ என்று குற்றவுணர்ச்சி வேண்டாம். அன்று அவளுக்காக நீங்கள் பேசினீர்கள். திடப்படுத்தல் என்று ஒன்றை வைத்திருப்பதே, பிள்ளை வளர்ந்து தன் வாயால் பதில் சொல்வதற்குத்தான். ஆமாம் என்றாலும், வேண்டாம் என்றாலும், அன்று அவள் பேசட்டும்.

சான்றிதழ், சொத்து, கல்லறை

இந்தப் பகுதிக்கு ஒரு வழக்கறிஞர் தோழியிடம் கேட்டேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் போகாததால் சாதிச் சான்றிதழ் மாறாது. தாசில்தார் வருகைப் பதிவேடு கேட்பதில்லை. ஆனால் கோபத்தில் ‘சாதி இல்லை, மதம் இல்லை’ என்ற சான்றிதழ் வாங்கத் தோன்றினால் நிதானமாக யோசியுங்கள். மகளின் இட ஒதுக்கீட்டை அது பாதிக்கக்கூடும், அது அவள் வாழ்க்கை. ‘கோயிலை விட்டவளுக்கு அப்பா வீட்டுல என்ன பங்கு’ என்று தம்பி கேட்டது சட்டத்தில் நிற்காது. அப்பா உயில் எழுதாததால் 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மிச்சம் உங்களுக்கும் தம்பிக்கும் சரிசமம். ஆராதனைக்குப் போனீர்களா என்பது அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. அதே மாதிரி, ஓலை வாசிக்காத கல்யாணம் செல்லாது என்று உங்கள் சித்தி சொல்லிக்கொண்டிருந்தால் அவரையும் திருத்துங்கள். 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவான கல்யாணம் முழுக்கச் செல்லும்.

கல்லறை மட்டும் வேறு. சபைக் கல்லறைத் தோட்டம் சபையின் விதிப்படிதான் நடக்கும். பதிவில் பேர் இருக்க வேண்டும், சங்கம் பாக்கி இருக்கக்கூடாது என்பது பொதுவான வழக்கம். பல வருடமாக வெளியூரில் இருப்பவர்களுக்குத் தனி விதி இருக்கலாம். சேகர அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேர் நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். போகாமல் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

ஆனால் 37 வயதில், அப்பா பக்கத்தில் எனக்கு இடம் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டால், அதை நான் சட்டக் கேள்வியாக மட்டும் படிக்க முடியாது. கடிதத்தில் எங்கேயும் நீங்கள் அந்தக் கல்லறைக்குப் போனதாக எழுதவில்லை. ஊருக்குப் போயிருக்கிறீர்கள், இரண்டு கிறிஸ்துமஸ் போயிருக்கிறீர்கள், கல்லறைக்குப் போகவில்லை. போய் வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வெயில் தாழ்ந்தபிறகு, பூவோ மெழுகுவர்த்தியோ எது உங்கள் ஊர் வழக்கமோ அதோடு. ஜெபிக்க வந்தால் ஜெபியுங்கள். வரவில்லையென்றால் அப்பாவிடம் பேசுங்கள், கோபமாக இருந்தாலும் சரி. ‘நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் சாகமாட்டானே’ என்று மார்த்தாள் இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவளை யாரும் பின்மாற்றக்காரி என்று சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அங்கிருந்து வீட்டுக்கு நடக்கும்போது சொல்லலாம்.

செந்தூர் எக்ஸ்பிரஸில் செவ்வாயோ புதனோ பார்த்து டிக்கெட் போடுங்கள். சனிக்கிழமை போய் இறங்காதீர்கள். மறுநாள் காலை முதல் மணி அடித்ததும் அம்மா சேலை எடுத்து வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்.